எந்தக் கறுப்பு, டாக்டர்?

கடை வாசற்படியில் நின்று, யாரோ கழற்றிக் கொடுத்த சட்டைப் பொத்தானை இரண்டு விரலால் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெயிலில் காட்டிப் பார்க்கிறார் ஷேடு அண்ணன். பொத்தானின் சொந்தக்காரர் பாதித் திறந்த சட்டையோடு பக்கத்தில் நெளிகிறார். அவர் வீட்டுக் கூடத்துக்கு இதே நிறம் வேண்டுமாம்.

"உள்ள போய்ப் பாக்கலாமே அண்ணே. போறவங்க வர்றவங்க எல்லாம் பாக்கறாங்க."

"உள்ள டியூப்லைட். டியூப்லைட் பொய் சொல்லும். வெயிலுக்குப் பொய் சொல்லத் தெரியாது. கொஞ்சம் மூச்சைப் புடிங்க."

பொத்தானைப் பார்ப்பதற்கு மனிதர் எதற்கு மூச்சைப் பிடிக்க வேண்டும்? அந்தக் கேள்வியே யாருக்கும் எழாது. ஷேடு அண்ணன் சொல்கிற தோரணை அப்படி. வந்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

பெயிண்ட் கடையில் நிறம் கலந்து கொடுப்பது இவர் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது மின்சார ரசீதில் மட்டும் உயிரோடு இருக்கிறது. ஊருக்கெல்லாம் ஷேடு அண்ணன்தான். ஒரு கருவி வெள்ளைப் பெயிண்டுக்குள் சொட்டுச் சொட்டாகச் சாயம் விடும். இன்னொரு கருவி டப்பாவைப் பிடித்துப் பேய் பிடித்ததுபோல் குலுக்கும். இரண்டையும் மற்றவர்கள் தொட்டால் அண்ணனுக்கு முகம் சுருங்கிவிடும். கலந்ததை அப்படியே கொடுத்தனுப்பவும் மாட்டார். ஒரு அட்டையில் தடவி, ஹேர் டிரையரால் காயவைத்து, மறுபடி வாசலுக்கு ஓடி, மறுபடி ஒரு கண்ணை மூடுவார். "ஈரத்துல ஒண்ணு காட்டும், காஞ்சா ஒண்ணு காட்டும். அவசரப்பட்டா நான் பொறுப்பில்ல."

வந்தவர் அவசரத்தில் "வெள்ளை குடுங்க" என்று சொல்லிவிட்டால் தொலைந்தார். "எந்த வெள்ளை?" என்பார் அண்ணன். "சாதா வெள்ளைதான்" என்றால், பெற்ற தாயைத் திட்டிவிட்டதுபோல் ஒரு பார்வை பார்ப்பார். பிறகு பால் வெள்ளை, முட்டை ஓட்டு வெள்ளை, பழைய சலவைக்கல் வெள்ளை, காய்ச்சல்காரன் நாக்கு வெள்ளை என்று வரிசையாக அட்டைகளை எடுத்துப் போடுவார். காய்ச்சல்காரன் நாக்கை மட்டும் இதுவரை யாரும் வாங்கியதில்லை.

இவ்வளவு தெரிந்தவர் வீட்டுச் சுவர் எப்படி இருக்கும்? அதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். கல்யாணமான புதிதில் கூடத்துச் சுவரில் சோதனைக்காக ஒரு கையகலம் தடவினார். பிடிக்கவில்லை. பக்கத்தில் இன்னொன்று. அது காலையில் பிடித்தது, சாயங்காலம் பிடிக்கவில்லை. இன்று அந்தச் சுவர் முழுக்கத் திட்டுத் திட்டாகப் பல நிறம். வருகிற விருந்தாளிகள் ஏதோ நவீன ஓவியம் என்று நினைத்துத் தள்ளி நின்று ரசித்துவிட்டுப் போகிறார்கள். அவர் மனைவி திருத்துவதில்லை.

மனைவி, டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். கற்றுக்கொள்கிறவர் பக்கத்து இருக்கையில், தன் காலடியிலும் ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற உத்தியோகம். பச்சை விளக்கு மஞ்சளாக மாறுவதற்குள் முடிவெடுத்துப் பழகிய பெண்மணிக்கு, ஒரு சுவருக்கு வருடக்கணக்கில் நிறம் தேடுகிற கணவர் வாய்த்திருக்கிறார். வீட்டில் கணவர் பேச்சு நீண்டுகொண்டே போனால் இவர் வலது கால் தானாகத் தரையை ஒரு மிதி மிதிக்கும். அண்ணன் உடனே வாயை மூடிக்கொள்வார்.

இவர்களுக்கு ஒரே மகள். இரண்டரை வயது. வாண்டு என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். பால் புட்டியை வாயில் வைத்துக்கொண்டே தூங்கிப் பழகியவள். புட்டியைப் பிடுங்கினால் அக்கம்பக்கமெல்லாம் விழித்துக்கொள்ளும் என்பதால் யாரும் பிடுங்கியதில்லை. மகளின் பற்களை அண்ணன் தினமும் ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்ப்பார். சொத்தை இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அல்ல. ரசிப்பதற்கு.

அப்படி ரசிக்கும்போதுதான் மேல்வரிசை முன்பற்களில், ஈறு ஓரமாக, ஒரு கோடு கண்ணில் பட்டது. பல்லைவிட வெள்ளை. சுண்ணாம்பு தொட்டு இழுத்த மாதிரி, பளபளப்பில்லாத, சுத்தமான வெள்ளை. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "இங்க பாரேன், நம்ம பொண்ணு பல்லு இன்னும் வெளுத்துக்கிட்டே வருது! இந்த வெள்ளையை நான் டப்பாவுல கொண்டுவரணும்னா நாள் பூரா நிக்கணும்" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். கடைக்கு வந்தவர்களிடமும் பீற்றிக்கொண்டார். கொஞ்ச நாளில் அந்தக் கோடு மஞ்சளாகி, பழுப்பாகி, ஒரு பல்லில் ஓரம் லேசாகப் பொரிந்தும் போன பிறகுதான் பல் டாக்டரம்மாவிடம் போனார்கள்.

டாக்டரம்மா குழந்தைகளுக்கு மட்டும் பல் பார்க்கிறவர். வெளியறையில் அவ்வளவு பெரிய பிளாஸ்டிக் முதலை ஒன்று வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்கும். வாண்டு அதன் வாயில் தன் செருப்பை வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"முதல்ல வெள்ளையா ஒரு கோடு தெரிஞ்சிருக்குமே?" என்றார் டாக்டரம்மா.

அண்ணன் முகம் மலர்ந்தது. "ஆமா டாக்டர்! ரொம்ப நல்ல வெள்ளை."

"அதுதான் சொத்தையோட ஆரம்பம், சார். அப்பவே வந்திருந்தா பேஸ்ட்டு, மருந்துன்னு சுலபமா நிறுத்தியிருக்கலாம்."

அண்ணனுக்கு அதன் பிறகு கொஞ்ச நேரம் எதுவும் காதில் ஏறவில்லை. தான் வாசல் வாசலாகப் பீற்றிக்கொண்ட வெள்ளை, மகளின் பல்லை அரித்துக்கொண்டிருந்த வெள்ளை. வாழ்நாளில் ஒரு நிறத்தை இவ்வளவு தப்பாக அவர் பார்த்ததில்லை. மனைவி அவர் முழங்கையைத் தொட்டதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். இரவுப் புட்டியில் இனி தண்ணீர் மட்டும். முன்பற்கள் நான்குக்கும் இரண்டு வழி. ஒன்று, வெள்ளையாக உறை போடுவது. ஆனால் இந்த வயதுக் குழந்தை அவ்வளவு நேரம் வாயைத் திறந்துகொண்டு அசையாமல் இருக்காது. பெரிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்ய வேண்டும். இன்னொன்று, ஒரு மருந்து. சின்ன பிரஷ்ஷால் தடவினால் சொத்தை அங்கேயே நின்றுவிடும். ஊசி இல்லை, குடைவது இல்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி ஒரு தடவை தடவ வேண்டியிருக்கும்.

"அப்ப அதையே செஞ்சிடலாமே" என்றார் மனைவி. வலது கால் அங்கே இல்லாத ஆக்ஸிலேட்டரை மிதித்தது.

"ஒரே ஒரு விஷயம். மருந்து பட்ட இடத்துல சொத்தையெல்லாம் கறுப்பாயிடும். அந்தப் பல்லு விழுந்து முளைக்கற வரைக்கும் அப்படித்தான் இருக்கும். வேணும்னா கொஞ்சம் வளர்ந்து, உக்காரப் பழகினப்புறம் மேல வெள்ளை பூசிக்கலாம்."

வாண்டு நாற்காலியின் மிதிகட்டையை அழுத்தி அழுத்தித் தன்னை மேலே ஏற்றிக்கொண்டிருந்தாள். அண்ணன் முன்னால் சாய்ந்தார்.

"எந்தக் கறுப்பு, டாக்டர்?"

இத்தனை வருட அனுபவத்தில் டாக்டரம்மாவை யாரும் கேட்காத கேள்வி. "கறுப்புன்னா... கறுப்புதான்" என்றார்.

அண்ணன் பார்த்த பார்வையை ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

பேச்சை மாற்றுவதற்காக டாக்டரம்மா, உறைக்கு நிறம் பார்க்கிற பல் மாதிரிகளின் வரிசையை எடுத்துக் காட்டினார். அது தவறு. அழகாக வரிசையாக அடுக்கிய குட்டிக் குட்டிப் பற்கள், வெள்ளையில் இத்தனை படிகள்! அண்ணன் கண்ணில் விளக்கெரிந்தது. "ஒரு நிமிஷம் டாக்டர்" என்று ஒரு கையில் மாதிரிகளையும் இன்னொரு கையில் மகளையும் அள்ளிக்கொண்டு வெளியே போனார். வரவேற்பு மேசைப் பெண் "சார், அது வெளிய போகக் கூடாது சார்!" என்று பின்னாலேயே ஓடினார். வண்டிகள் நிறுத்துகிற இடத்தில், நல்ல வெயிலில், மகளின் வாயருகே ஒவ்வொரு பல்லாக வைத்து ஒரு கண்ணை மூடினார் அண்ணன். ஒரு லாரி டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். மூன்றாவது மாதிரியை வாண்டு கடித்துவிட்டாள்.

"எதுவும் ஒத்துவரல டாக்டர்" என்று திரும்பி வந்து அறிவித்தார்.

"அது பெரியவங்க பல்லுக்கு, சார். பால் பல் அதைவிட வெள்ளை. அதுக்கு வேற மாதிரி இருக்கு" என்று கடிபட்டதைக் கழுவப் போட்டார் டாக்டரம்மா. அண்ணன் அசடு வழிந்தார். "யோசிச்சுச் சொல்லுங்க. ஆனா ரொம்ப நாள் யோசிக்காதீங்க. இப்ப வலி இல்ல. சொத்தை உள்ள போயிட்டா இந்த மருந்து உதவாது. அப்புறம் மயக்கம் குடுத்துப் புடுங்கறதுதான்."

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி சொன்னார்: "நீங்க ஷேடு பாக்கறீங்க. நான் அந்த மயக்க மருந்தைப் பாக்கறேன். முடிவெடுக்காம நடு ரோட்டுல நிக்கறவனைத்தாங்க வண்டி அடிக்கும்."

"ரெண்டு நாள் டைம் குடு."

ரெண்டு நாள் என்று அண்ணன் சொன்னால் அதன் பொருள் கூடத்துச் சுவருக்குத் தெரியும். மறுநாளே அட்டையில் நான்கு பற்கள் வரைந்து, நான்கு விதக் கறுப்பு தடவி, சாப்பாட்டு மேசைக்கு எதிரே ஒட்டினார். காலையில் பார்த்தார், மாலையில் பார்த்தார். பசியே எடுக்கவில்லை. கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அபிப்பிராயம் கேட்டார். "முன்பக்கம் நாலு. கறுப்பா, வெள்ளையா? எது போடலாம்?" என்பார், மொட்டையாக. "முன்பக்கம்னா கறுப்பே அடிச்சிடுங்க அண்ணே, அழுக்கு தெரியாது" என்றார் ஒருவர். "கறுப்பா? வெயில்ல சூடேறிடுமே" என்றார் இன்னொருவர். வெளிக்கதவைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று புரிந்தபோது அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

இந்தக் கூத்தெல்லாம் நிறத்துக்காக என்றுதான் மனைவி நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் பொறுமை போய், அட்டையைச் சுவரிலிருந்து கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "கறுப்புல உங்களுக்கு என்னதாங்க பிரச்சனை?"

அண்ணன் மென்று விழுங்கினார். "இவ சிரிச்சா எல்லாரும் பாக்கறாங்க இல்ல, ரோட்டுல, பஸ்ல? நாளைக்கு ஸ்கூலுக்குப் போவா. எவனாவது ஒருத்தன் 'ஐயே, உன் பல்லு'ம்பான். அப்புறம் இவ சிரிக்க மாட்டா. கையை வெச்சு வாயை மூடிக்குவா." கடைசி வார்த்தை சரியாக வரவில்லை. "நான்தானே அந்த வெள்ளையை நல்லாருக்குன்னு சொன்னேன்."

மனைவியின் கால் தரையை மிதிக்கவில்லை. அட்டையை மடித்துக் கீழே வைத்தார். "வலிச்சாலும் வாயை மூடிக்குவாங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

முடிவை எடுத்தது ஒரு பிஸ்கட். மறுநாள் காலை வாண்டு கடைக்கு வந்திருந்தாள். அம்மாவுக்குக் காலை வகுப்பு. கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து, பக்கத்துக் கடைக்காரர் கொடுத்த ஐஸ் தண்ணீரில் பிஸ்கட்டை முக்கி முன்பல்லால் கடித்தாள். நிறுத்தினாள். பிஸ்கட்டை வெளியே எடுத்து, அதன்மேல் ஏதோ குற்றம் இருப்பதுபோல் திருப்பிப் பார்த்தாள். பிறகு வாயின் ஓரத்துக்குக் கொண்டுபோய்க் கடைவாயால் கடித்துக்கொண்டு, தன் பாட்டுக்குக் காலாட்டத் தொடங்கினாள். அழவில்லை.

குலுக்கிக் கருவியில் ஒருவருடைய டப்பா குலுங்கிக்கொண்டிருந்தது. அட்டையில் தடவிய இன்னொருவருடைய நிறம் காயவே இல்லை. அண்ணன் மகளைத் தூக்கிக்கொண்டார். "அண்ணே, என் ஷேடு?" என்று அலறினார் ஒருவர். "நல்லாத்தான் இருக்கும், எடுத்துட்டுப் போங்க!" என்று வாசலிலிருந்து கத்திவிட்டு ஓடினார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததை அந்த வாடிக்கையாளர் இன்றும் நம்பவில்லை. டப்பாவைத் திறக்கப் பயந்து அப்படியே வைத்திருக்கிறாராம்.

போனில் விஷயம் கேட்ட மனைவி, கற்றுக்கொள்ள வந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே காரோடு டாக்டரம்மா வாசலுக்கு வந்து சேர்ந்தார். அந்தப் பாவப்பட்டவர் வாழ்க்கையில் முதல்முறை நெரிசலில் ஓட்டியது அன்றுதான்.

டாக்டரம்மா பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அண்ணனுக்கு மூச்சே ஓடவில்லை. அட்டையில் ஒட்டி வைத்து அழகு பார்த்த நாட்களெல்லாம் கண்முன் வந்து நின்று கேள்வி கேட்டன. "சில்லுன்னு பட்டா கூசுது, அவ்வளவுதான். உள்ள போகல. நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார் டாக்டரம்மா. அண்ணனுக்கு அழுகை வந்தது. அதைச் சிரிப்பாக மாற்றப் பார்த்தார். இரண்டும் கலந்து ஒரு விக்கலாக வந்தது.

டாக்டரம்மாவும் அண்ணனும் எதிரெதிரே முட்டியோடு முட்டி இடித்து உட்கார்ந்தார்கள். இருவர் மடியும் சேர்ந்த கட்டிலில் வாண்டு மல்லாந்தாள். கால் அப்பா பக்கம், தலை டாக்டரம்மா பக்கம். உதட்டில் வாசலைன் தடவி, பஞ்சால் பல்லைத் துடைத்து, பிரஷ்ஷை எடுத்தார். பிரஷ்ஷைக் கண்டதும் அண்ணனுக்குத் தொழில் புத்தி எட்டிப் பார்த்தது.

"ஒரு கோட்டிங்கா, ரெண்டு கோட்டிங்கா டாக்டர்?"

"சார், கொஞ்சம் பேசாம இருங்க."

"ஓரத்துல விட்டுப்போச்சு பாருங்க, இடது பக்கம்..."

மனைவி அண்ணன் காலை மிதித்தார். இந்த முறை தரையை அல்ல. வாண்டு கட்டடம் அதிரக் கத்தினாள். கத்தினால் வாய் இன்னும் நன்றாகத் திறக்கிறது என்று டாக்டரம்மா பாராட்டியதும் சந்தேகப்பட்டு நிறுத்திவிட்டாள். அதற்குள் வேலை முடிந்திருந்தது. "ச்சீ" என்று நாக்கை நீட்டினாள். அண்ணன் குனிந்து பார்த்தார். பல்லில் கறுப்பு ஒன்றும் தெரியவில்லை. "காயட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அடுத்த நாள் கறுத்தது. வாண்டு கண்ணாடி முன்னால் நின்று, உதட்டைத் தூக்கி, நெடுநேரம் பார்த்தாள். பின்னால் நின்ற அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"கப்புப் பல்லு!" என்று கூவினாள். பிறகு அப்பாவைக் குனியச் சொல்லி அவர் வாயைப் பிளந்து பார்த்தாள். எல்லாம் வெள்ளை. அவள் முகம் வாடியது. "அப்பாக்கு இல்ல" என்று அம்மாவிடம் போய்ச் சொன்னாள். "பாவம்."

மழலையர் பள்ளியில் சேர்க்கப் போட்டோ கேட்டார்கள். ஸ்டுடியோவில் வாண்டு முதல் படத்திலேயே காது வரை சிரித்துவிட்டாள். போட்டோக்காரர் நல்ல மனிதர். கேட்காமலே உதவி செய்கிற ரகம். கம்ப்யூட்டரில் என்னவோ தட்டி, திரையைப் பெருமையாக அண்ணன் பக்கம் திருப்பினார். "பல்லு கொஞ்சம் டார்க்கா விழுந்திருந்துச்சு சார். பளிச்சுன்னு ஆக்கிட்டேன்."

அண்ணன் திரைக்கு அருகே போனார். ஒரு கண்ணை மூடினார். ஒரு குறையும் சொல்ல முடியாத வெள்ளை. வாகன நிறுத்தத்தில் வெயிலில் நின்று அவர் தேடியது இதைத்தான்.

"நல்ல வெள்ளை" என்றார் மனசாரவே. "ஆனா இது எங்க பொண்ணு இல்ல. பழையபடி கறுப்பு வைங்க."

போட்டோக்காரர் திருதிருவென விழித்தார். "கறுப்பா? அதை மாத்தி சேவ் பண்ணிட்டேனே சார்."

"அப்ப திரும்பப் போடுங்க."

மனிதர் பெருமூச்சு விட்டு, ஒவ்வொரு பல்லாகக் கறுப்பு தொட்டு வைத்தார். "இப்ப சரியா?"

"இது ஜன்னல் கம்பிக் கறுப்பு. இவளோடது இவ்வளவு கெட்டி இல்ல. ஓரத்துல பழுப்பு ஓடும். ரெண்டாவது பல்லுல கீழ கொஞ்சம் வெள்ளை மிச்சம் இருக்கு பாருங்க, அதை விட்டுட்டீங்க."

"எனக்கு எப்படி சார் தெரியும்?"

அண்ணன் மகளைத் தூக்கிக் கீபோர்டுக்குப் பக்கத்தில் மேசைமேல் உட்காரவைத்தார். "இதைப் பாத்துப் போடுங்க" என்று, மேலுதட்டைத் தூக்கிக் காட்டக் கட்டைவிரலைக் கொண்டுபோனார். அதற்குள் வாண்டு போட்டோக்காரரைப் பார்த்து, தானாகவே வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்; தூக்க வேண்டிய உதடு அங்கே இல்லாததால், விரல் அவள் மூக்கு நுனியை ஒரு முறை தொட்டுவிட்டுத் திரும்பியது.